துணைக்கு வந்தவன்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "மேடம், நீங்க எப்படி இந்தத் துறைக்கு வந்தீங்க?" என்று கேட்பதுண்டு. "ஒரு பரீட்சை எழுதினேன், பாஸானேன், வந்தேன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் பாஸானதற்கும் வந்ததற்கும் நடுவில் சில வருஷங்கள் நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். அதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தை உருக்கமாக வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த முகம் ஆகாது. கொழுந்து எடுத்ததில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. என்னை எடுக்க வைத்த விதம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருஷங்கள். போரை நிறுத்திச் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் கொழும்புக்குப் போகிற வழியில் சோதனைகள் குறைந்திருந்தன. எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அம்மா கொழுந்து எடுத்தாள். அண்ணன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றான். அங்கே முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவன், வாசல் ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பழைய ரேடியோவைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். பல்கலைக்கழகம் போக அந்தப் பெறுபேறு போதவில்லை.

லயத்துக் காம்பராவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது வரிசை வீட்டில் ஓர் அறை, தோட்டத்துக்குச் சொந்தமானது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து தோட்டத்தில் வேலை செய்தால்தான் அதில் இருக்கலாம். பேர் பதிந்தவர் வயதாகி வேலையை விட்டால் பிள்ளைகளில் ஒருவர் அந்த இடத்துக்குப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். பிறகு கணக்கப்பிள்ளை வந்து நாசூக்காகக் கேட்பார். அதற்குப் பிறகு நாசூக்கு இருக்காது. அம்மாவுக்கு வேலையை விடுகிற வயது வந்துகொண்டிருந்தது, முழங்காலும் விட்டுப் போயிருந்தது. ஆக, அண்ணனோ நானோ ஒருவர் பதிந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாமல் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் அது ஒன்றுதான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் வாயைத் திறந்தான்.

"நான் பதிஞ்சுக்கிறேம்மா. தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டச் சொன்னாலும் சரி, மருந்தடிக்கச் சொன்னாலும் சரி. பாப்பா படிக்கட்டும். அதுக்குத்தான் மண்டையில ஏறுது."

என்னை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அம்மா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். நான் அழுதுவிட்டேன். மறுநாள் கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு அர்ச்சனை வேறு செய்தேன். இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாக வருகிறது.

அப்படித்தான் ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்கான வகுப்பு. முடிவில் வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றுக்குக் கொழும்பில் பரீட்சை. சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவர் வேகமாகப் பேசுகிற தமிழ் எங்களுக்கு இங்கிலீஷைவிடக் கொஞ்சம்தான் லேசாக இருந்தது. வகுப்பு முழுவதற்கும் ஓடுகிற மெஷின் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் புத்தகம்தான். தலையணை மொத்தத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் போட்டோ கொப்பி எடுத்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு எங்கள் ஊர் தெரியாது. கம்பளம் விரித்த அறையில் வேலை செய்யாதே, உடம்பிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கம்பளத்துக்கு நான் எங்கே போவேன்? ஈரமில்லாத இடத்தில் மெஷினை வை என்றும் எழுதியிருந்தார். துவைத்த பாவாடை காய்வதற்கு ஒரு கிழமை எடுக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை மனப்பாடம் செய்தேன். அடுப்புப் புகையில் பக்கங்கள் மஞ்சளாகிப்போயின. எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கோபமும் இருந்தது, வெறியும் இருந்தது. திருகாணிகளின் பேரைக்கூட விடாமல் படித்தேன்.

புத்தகம் மட்டும் போதாது என்று தெரிந்ததும் வகுப்புக்குக் கீழே தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்த முதலாளியிடம் போய்க் கேட்டேன். சிங்களவர், நடுத்தர வயது, எந்நேரமும் வாயில் ஒரு கராம்பைப் போட்டு மென்றுகொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் வந்து பழைய பெட்டிகளைக் கழற்றிப் பழகிக்கொள்ளலாம் என்றார். ஆனால் வயசுப் பெண் தனியாக டவுனில் ஒரு கடைக்குள்ளே போய் நாள் முழுக்க நிற்பதா? லயத்தில் அடுத்த காம்பராக்காரர்கள் சும்மா விடுவார்களா? அதனால் அண்ணன் துணைக்கு வந்தான். நான் பெட்டியைக் கழற்றுவேன், அவன் திருகாணிகளைப் போத்தல் மூடியில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வான். டோர்ச் பிடிப்பான். முதலாளிக்குப் பிளேன்டீ வாங்கி வருவான்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றை முதலாளி முதல் நாளே சொல்லித் தந்தார். எங்கள் பக்கம் பனிக்கும் தூறலுக்கும் மெஷின்களின் உள்ளே ஈரம் பிடித்துவிடும். உயிரே இல்லை என்று தூக்கிக்கொண்டு வருகிற பெட்டிகளில் பாதிக்கு ஒரு வியாதியும் இருக்காது. நினைவகச் சில்லைக் கழற்றி, அதன் பொன்நிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினால் எழுந்து நின்றுவிடும். முதன்முதலாக என் கையால் ஒரு திரை வெளிச்சமானபோது நான் கத்திவிட்டேன். அண்ணன் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான். அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டு வா நங்கி, உனக்கு இங்கேயே வேலை இருக்கிறது என்று முதலாளி அன்றைக்கே சொன்னார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அவருடைய அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் மிச்ச நாளெல்லாம் படித்தேன். பரீட்சை, பிறகு அந்தக் கடை, அந்த மேசை. அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை.

வீட்டிலும் அண்ணன் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருக்கும்போது புத்தகத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வான். எழுத்துக்கூட்டிக் கேள்வியை வாசிப்பான். நான் பதில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டான்.

"எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு. எனக்கு வெளங்குனா உனக்கு வெளங்குனதா அர்த்தம்."

சொன்னேன். எப்படியெல்லாம் சொன்னேன்! மெஷினின் நினைவகம் முதுகில் தொங்குகிற கூடை மாதிரி, வேலை நடக்கும்போது எல்லாம் அதில்தான் விழும், கரண்ட் போனால் கூடை கவிழ்ந்துவிடும் என்றேன். ஹார்ட் டிஸ்க் என்பது தேயிலை ஸ்டோர், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பயமில்லை என்றேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பான். சில நாள், "இத நேத்து வேற மாதிரில்ல சொன்ன?" என்று பிடித்தும் விடுவான். எனக்குப் பெருமை தாங்காது. எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு அண்ணன் வாய்ப்பான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சைக்கு மட்டும் அவன் துணைக்கு வரவில்லை. அம்மா வேலையை விடுகிற நாள் நெருங்கிவிட்டது, தோட்டத்து ஆபீசில் பேர் பதிகிற வேலை இருக்கிறது என்றான். எனக்காக அல்லவா மலையேறப் போகிறான் என்று நினைத்தபோது மனசு கரைந்தது. வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண்ணோடும் அவளுடைய அப்பாவோடும் ஸ்டேஷனில் கோச்சி ஏறினேன். கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் உட்கார வைத்து, கம்ப்யூட்டரிலேயே கேள்வி கேட்டார்கள்.  எல்லாம் முடித்து அழுத்தியதும் முடிவு திரையிலேயே வந்தது. பாஸ். திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன். அங்கே நின்ற பெண் வந்து, சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் வட்டகொடை ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம், "தங்கச்சி பாஸ்" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். பேர் பதிந்தாயிற்றா என்று கேட்டேன். "எல்லாம் ஆச்சு, சாப்புடு" என்றாள்.

மறுநாளே கடைக்குப் போகக் கிளம்பினேன். அம்மா விடவில்லை.

"வெள்ளிக்கிழம போ. நல்ல நாளு. மொத மொதல்ல வேலைக்குப் போறவ கண்ட நாள்லயும் போகக் கூடாது."

நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் மட்டும் தினமும் காலையில் வெளியே போனான். பதிந்ததும் உடனே வேலைக்கு இறங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கவ்வாத்து வெட்டப் போகிறவன் தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு போவானா என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. புத்தகத்தில் மின்சாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டால் சொல்லியிருப்பேன். வீட்டுக்குள் நடப்பது தெரியாது.

வெள்ளிக்கிழமை நல்ல சல்வார் ஒன்றைப் போட்டுக்கொண்டு தனியாகவே ஹட்டனில் போய் இறங்கினேன். கடை வாசலில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் தன் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுதி வைத்ததெல்லாம் அழிந்துபோய்விட்டது என்று கவலையாக நின்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"அது கூட மாதிரி சார். கரண்டு போனா கவுந்துடும். ஸ்டோருக்குக் கொண்டு போய்ச் சேர்த்திருந்தா இந்தப் பயம் இல்ல."

என் வார்த்தை. அந்த இழுவையும் என்னுடையதுதான். மேசைக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் திறந்த பெட்டி ஒன்று, கையில் அழிறப்பர். என்னைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினான். மாஸ்டர் இருந்தபடியால் மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

முதலாளி என்னைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். அதுதான் கொடுமை. பாஸாகிவிட்டாயாமே நங்கி, வாழ்த்துகள் என்றார். கலியாணம் பேசி வருவதாலும் வீட்டுக்காகத் தோட்டத்தில் பதிந்துவிட்டதாலும் நீ வரமாட்டாய், உனக்குப் பதிலாக அண்ணனை வைத்துக்கொள்ளச் சொன்னாய் என்று சொன்னார்கள், அதற்கென்ன, அவனும் கெட்டிக்காரன்தான் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா வந்தாரே, உன் அண்ணனோடு, போன கிழமை, நீ கொழும்புக்குப் போயிருந்தபோது என்றார்.

எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. டவுனுக்கு வந்தால் கோயில், மரக்கறிக் கடை, ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் கால் வைக்க மாட்டாள். அவள் இந்தக் கடைப் படியில் ஏறி, இந்த மனிதரின் முன்னால் நின்று, என்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறாள். கலியாணப் பேச்சு என்ற ஒன்றே கிடையாது. பொய் என்று முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பெற்ற தாயைப் பொய்க்காரி என்று ஊரான் கடையில் நின்று சொன்னதாகியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் அது என்னை வாய் மூட வைக்கும் என்று தெரிந்துதான் அண்ணன் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறான்.

அவனை வெளியே கூப்பிட்டேன். கடை ஓரமாக வந்து நின்றான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"நீ எனக்காகப் பதியிறேன்னு சொன்னியே அண்ணே."

"சொன்னேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன் பாப்பா. இங்க வந்து வந்து, எனக்கும் இதுல கை வந்துருச்சு. உங்கிட்ட சான்றிதழ் இருக்கு. நீ எங்க போனாலும் வேல குடுப்பாங்க. எனக்கு என்ன இருக்கு? இந்த ஒரு மனுசந்தான் என்னை நம்புறாரு."

"நான் எங்க போறது? என் பேரத்தான் பதிஞ்சிட்டீங்களே."

 உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டதும் சட்டென்று போய்விட்டான். கூப்பிட்டதற்காக அவன் நன்றி சொல்லியிருப்பான்.

எங்கே ஏமாந்தேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தேடினேன். அவன் திருடனைப்போல வந்து எதையும் எடுக்கவில்லை. நானே சாயங்காலம் தோறும் உட்கார வைத்து, விளங்குகிற வரைக்கும் ஊட்டியிருக்கிறேன். விளங்கவில்லை என்றால் இன்னொரு தரம். என் பரீட்சைக்குத் தயார் செய்கிறேன் என்று நினைத்து அவனுடைய வேலைக்குத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். கோபத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் என்று தெரிந்தே கத்தினேன். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"கொழுந்துக்குப் பொம்பள ஆளுதான் இல்லன்னு கணக்கப்பிள்ள ஐயா சொன்னாரு. ஒன் பேருன்னா ஒடனே எடுத்துக்கிட்டாங்க. ஒங்கண்ணன் பதிஞ்சா ஒரு மாசம் செய்வான், மறு மாசம் தொரைகூடச் சண்ட புடிச்சிட்டு ஓடிருவான். அப்ப காம்பராவுக்கு எங்க போறது? நீ சொன்னா கேப்ப. நீ ஓட மாட்ட."

அதற்குமேல் நான் கத்தவில்லை. ஓடாத பிள்ளை என்பதற்காகத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஓடுகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மா இருந்தவரைக்கும் பதிவு என் பேரில்தான் இருந்தது. அவள் போன பிறகு காம்பராவைத் தோட்டத்திடம் விட்டுவிட்டுக் கண்டிக்கு இறங்கினேன். ஒரு கடையில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் மெஷின்கள் எவ்வளவோ மாறிப்போயிருந்தன, புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன், இந்த முறை யாருக்கும் சத்தமாகப் பதில் சொல்லாமல். அங்கிருந்துதான் இந்த அலுவலகத்துக்கு வந்தேன். அண்ணன் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறான். விசேஷங்களில் சந்தித்தால் பேசிக்கொள்வோம். அவன் பிள்ளைகளுக்கு நான் நல்ல அத்தைதான்.

ஆனால் யாராவது, எப்படி வந்தீர்கள் என்று கேட்கும்போது எனக்குள் எழும்புவது அந்தக் கடை மேசை அல்ல. வேலைக்கு இறங்கிய முதல் நாள் காலைதான். பெரட்டுக்கு, அதாவது எல்லோரையும் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, வெளிச்சம் வருமுன்னே போக வேண்டும். அம்மா என் இடுப்பில் படங்கை, ஈரம் படாமல் கட்டுகிற சாக்கை, சுற்றிக் கட்டினாள். தலைக்குத் துணியை மடித்து வைத்தாள். கூடையை எடுத்து முதுகில் விட்டு, கயிற்றை என் உச்சியில் போட்டாள். கூடை சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மா என்னைவிடக் குள்ளம். அவளுடைய கயிறு எனக்கு எட்டாது. இது புதுக் கயிறு, என் உயரத்துக்கு அளந்து முடிச்சுப் போட்டிருந்தது.

"இது யாரும்மா கட்டுனது?"

"நாந்தான்."

"எப்ப?"

"நீ கொழும்புக்குப் போறதுக்கு முந்தியே கட்டி வச்சிட்டேன்" என்றாள், வேலையை நேரத்தோடு முடித்தவள் சொல்கிற மாதிரி.

"எல்லாம் முடிவு பண்ணிட்டு, பெறகு எதுக்கும்மா என்னைப் பரீட்ச எழுத அனுப்புன?"

அவளுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. என் கன்னத்தைத் தொட்டாள்.

"அவ்வளவு ஆசப்பட்டியே புள்ள. அந்த ஆசையையாவது தீத்து வைப்போமேன்னுதான்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மற்றதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். அந்த அன்பை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.